பை செய்யும் ஃபிலிமைப் பேனர் என்றார்கள்: ஒரு சுங்கக் குறியீட்டுக்காக நான் பட்ட பாடு

ஈரோட்டில் பிவிசி பை தைக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கடையில் படுக்கை விரிப்போ போர்வையோ வாங்கினால், ஓரத்தில் ஜிப் வைத்த, உள்ளே இருக்கும் துணி பளிச்சென்று தெரியும் பை ஒன்றில் போட்டுத் தருவார்களே, அதுதான் எங்கள் தயாரிப்பு. சென்னிமலை, கரூர் பக்கத்து ஜவுளிக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். பைக்கான கிளியர் (மறுபக்கம் தெரியும்) ஃபிலிமைச் சீனாவிலிருந்து வரவழைக்கிறோம். கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடிக்கு வரும். 2024 செப்டம்பரில் அப்படி வந்த ஒரு கன்டெய்னர் பெட்டி துறைமுகத்துக்கு வெளியே சரக்குப் பெட்டக நிலையத்தில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுப்பதற்குள் பணமும் போயிற்று, தூக்கமும் போயிற்று, ஒரு நல்ல வாடிக்கையாளரின் தீபாவளி ஆர்டரும் போயிற்று. அந்த நாட்களில் இரவு இரவாகத் தேடியும், இப்படி ஒரு நிலையில் என்ன செய்யலாம் என்று தமிழில் சொல்லும் ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சரக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இருபதடிப் பெட்டி ஒன்று. சுங்க மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய். அதில் 17 லட்சத்துக்கு வெறும் கிளியர் ஃபிலிம். பிவிசி பொடியோடு மென்மையூட்டி எண்ணெய் கலந்து உருளைகளுக்கு நடுவே தகடாக இழுத்தது, வேறு எதுவும் கிடையாது. மீதி 3 லட்சத்துக்கு வலை ஃபிலிம். இரண்டு பிவிசி அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய பாலியெஸ்டர் நூல் வலையை வைத்து ஒட்டியது. கனமான கம்பளிகளை அடைக்கும் பைகளுக்கு அடிப்பகுதி கிழியாமல் இருக்க அது வேண்டும்.

இந்தியச் சுங்க வரி அட்டவணையில் பிளாஸ்டிக்கும் அதில் செய்த பொருள்களும் 39ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. ஃபிலிம் வாங்குகிறவர்கள் அதில் மூன்று தலைப்புகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 3919 என்பது தானாக ஒட்டும் ஃபிலிம். வெறும் கையால் அழுத்தினாலே, சூடோ தண்ணீரோ இல்லாமல் ஒட்டிக்கொள்வது மட்டும்தான் இதில் சேரும். அச்சகக்காரர்கள் பயன்படுத்தும், சூடேற்றினால் மட்டுமே ஒட்டும் லேமினேஷன் ஃபிலிம் இதில் சேராது. 3920 என்பது நுரைத்தன்மை இல்லாத, வேறு பொருளால் வலுவூட்டாத, வேறு பொருளோடு சேர்த்து ஒட்டாத ஃபிலிம். இந்த இரண்டிலும் அடங்காத மற்ற ஃபிலிம்கள் எல்லாம் 3921. என் கிளியர் ஃபிலிமில் பிளாஸ்டிக் தவிர எதுவும் இல்லை என்பதால் அது 3920. அதற்குள்ளும் பிவிசிக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. எடையில் 6 சதவீதமோ அதற்கு மேலோ மென்மையூட்டி இருந்தால் 3920 43, அதற்குக் கீழே என்றால் 3920 49. விரலில் சுற்றினால் சுருளும் மெல்லிய பை ஃபிலிமில் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். வலை ஃபிலிமில் துணி இருக்கிறது, ஆகவே 3921 90. துணி இருந்தால் அது 59ஆம் அத்தியாயத்துக்குப் போகாதா என்று கேட்கலாம். துணி முழுக்கப் பிளாஸ்டிக்கில் புதைந்தோ இரண்டு பக்கமும் முழுதாக மூடப்பட்டோ இருந்து, அந்தப் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் அது 39லேயே தங்கும் என்று 59ஆம் அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. இந்த அத்தியாயக் குறிப்புகளை நீங்களே ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். தலைப்பின் சொற்களும் குறிப்புகளும்தான் வகைப்பாட்டைத் தீர்மானிக்கும், சரக்குக்குச் சந்தையில் வழங்கும் பெயர் அல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் சந்தைப் பெயர் என்னவெல்லாம் செய்யும் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பிவிசி ஃப்ளெக்ஸ் பேனர் மக்காதது, சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்று சொல்லி அதன் அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தெருவுக்குத் தெரு கிழிந்து தொங்கும் பேனர்களைப் பார்க்கிற எவரும் அதை வரவேற்பார்கள். ஆனால் அந்த ஃப்ளெக்ஸும் என் ஃபிலிமும் அட்டவணையில் ஒரே இரண்டு தலைப்புகளில், 3920, 3921 ஆகியவற்றில்தான் வருகின்றன. என் சப்ளையரின் இன்வாய்ஸில் சரக்கின் பெயர் 'ஃப்ளெக்சிபிள் பிவிசி ஃபிலிம்' என்று இருந்தது. மென்மையான பிவிசியை உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். முந்தைய பெட்டிகளும் அதே பெயரில்தான் வந்தன, ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த முறை பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்கான இறக்குமதி அறிவிப்பு, போட்டதும் கேள்வி வந்தது: இது ஃப்ளெக்ஸ் ஃபிலிமாகத் தோன்றுகிறது, 25 சதவீதம் ஏன் கட்டக்கூடாது என்று விளக்கவும்.

கேள்வி கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. 2020 முதல் முகமறியா மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. சரக்கு தூத்துக்குடியில் இருக்கும், மதிப்பிடும் அதிகாரி வேறு ஏதோ ஒரு ஊரில் இருப்பார். அவர் கண்ணில் படுவது கணினித் திரையில் இருக்கும் ஆவணங்கள் மட்டும்தான். நேரில் போய் ஒரு துண்டு ஃபிலிமை மேசைமேல் வைத்து, 'ஐயா, இதில் நூல் இருக்கிறதா பாருங்கள்' என்று சொல்ல வழியில்லை. ஃப்ளெக்ஸ் துணியின் மூலையைக் கிழித்தால் நூல் பிரிந்து வரும், கிளியர் ஃபிலிமில் ஒன்றும் வராது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் வித்தியாசம் அது. கிழித்துப் படம் எடுத்து அனுப்பினோம். படத்தில் இருக்கும் துண்டு அந்தப் பெட்டியில் உள்ளதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பதில் வந்தது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் கிளியரிங் ஏஜென்ட் நல்ல மனிதர், அனுபவசாலி. அவர் சொன்ன யோசனை இதுதான்: "மேடம், மறுமதிப்பீட்டை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வித்தியாசத்தைக் கட்டினால் நாளையே பெட்டி வெளியே வந்துவிடும். பிறகு ரீஃபண்டுக்கு எழுதிப் பார்க்கலாம்." என் நிலையில் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நானும் பேனாவை எடுத்தேன். போடாமல் இருந்ததற்குக் காரணம், அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்ததும், சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துப் படித்ததும்தான்.

அன்றைய விகிதங்களில் கணக்கைச் சொல்கிறேன். 10 சதவீத வரி என்றால், அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி சேர்ந்து 11 ரூபாய். 100 ரூபாய் மதிப்போடு அதைக் கூட்டி, 111 ரூபாய்க்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 19 ரூபாய் 98 காசு. ஆக மொத்தம் 30.98 சதவீதம். 25 சதவீத வரி என்றால் மேல்வரியோடு 27.50, ஐஜிஎஸ்டி 22.95, ஆக மொத்தம் 50.45 சதவீதம். 20 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3,89,400 ரூபாய். இதில் ஐஜிஎஸ்டி வித்தியாசமான 59,400 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மீதி 3,30,000 ரூபாய் கையை விட்டுப் போகிற பணம். ஒரு பெட்டியில் எனக்கு நிற்கும் லாபத்தைவிட அது அதிகம். அதோடு முடிவதில்லை. இந்தப் பெட்டிக்கு ஏற்றுக்கொண்டால் அடுத்த பெட்டிக்கும் அதே குறியீடுதான். பட்ஜெட்டுக்குப் பிறகு வந்து ஏற்கெனவே வெளியேறிவிட்ட பெட்டிக்கும் 28ஆம் பிரிவில் நோட்டீஸ் வரலாம். சாதாரணமாகவே இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்க முடியும், மறைத்தார் என்று சொன்னால் ஐந்து ஆண்டு.

இனி 17ஆம் பிரிவு. இறக்குமதியாளர் தானே போட்ட வகைப்பாட்டை அதிகாரி மாற்றினால், மறுமதிப்பீடு செய்த நாளிலிருந்து 15 நாளுக்குள் காரணங்களை விளக்கி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். இறக்குமதியாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் மட்டும் அந்த உத்தரவு தேவையில்லை. அந்த ஒரு கடிதம் எதை விட்டுக்கொடுக்கிறது என்று புரிகிறதா? உத்தரவு இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? 'கட்டிவிட்டுப் பிறகு ரீஃபண்டுக்கு எழுதலாம்' என்பதும் நடக்காது. ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மதிப்பீட்டை மேல்முறையீட்டிலோ வேறு உரிய வழியிலோ மாற்றாத வரை ரீஃபண்ட் கேட்க முடியாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. இதை ஏஜென்டிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெட்டி நின்றால் வாடகை ஏறுமே மேடம், அதை யோசித்தீர்களா?" என்றார். யோசித்தேன். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

வாடகை ஏறியது. இதில் இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும் என்பது புதிதாக இறக்குமதி செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. சரக்குப் பெட்டக நிலையம் இடத்துக்கு வாடகை கேட்கும். கப்பல் கம்பெனி தன் காலிப் பெட்டி திரும்பி வராததற்கு டாலரில் டிடென்ஷன் கேட்கும். இரண்டும் நாளாக ஆக வேகமாக ஏறும் படிக்கட்டு விகிதத்தில் இருக்கும். வாடகை கேட்காத இலவச நாட்கள் முடிந்த பிறகு ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் அந்தத் தொகைதான் நினைவுக்கு வந்தது. பட்டறையில் ஃபிலிம் தீர்ந்துகொண்டே வந்தது. ஹை ஃப்ரீக்வென்சி வெல்டிங் இயந்திரங்களில் உட்காரும் பெண்களுக்கு அரை நாள் வேலைதான் கொடுக்க முடிந்தது. முழு நாள் கூலி கொடுத்தேன், அவர்கள் மேல் தவறு இல்லையே. உள்ளூர்ச் சந்தையில் அதிக விலைக்குக் கொஞ்சம் ஃபிலிம் வாங்கிச் சமாளித்தேன். சென்னிமலையில் பல வருடமாக என்னிடம் பை வாங்கும் பெரியவர் ஒருவர் நேரில் வந்தார். "அம்மிணி, உன் நிலைமை புரிகிறது. ஆனால் தீபாவளி எனக்காக நிற்காது" என்று சொல்லிவிட்டு ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேச முடியவில்லை.

பெட்டியைத் திறந்து பரிசோதிக்கும்படி துறைமுக அதிகாரிகளுக்கு உத்தரவு வந்தது. இங்கேதான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பரிசோதனை அறிக்கையில் 'பிவிசி ஃபிலிம் சுருள்கள், அளவு சரியாக உள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். துணி இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி, அறிக்கையில் அது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தொலைவில் இருக்கும் மதிப்பீட்டு அதிகாரிக்கு இந்த அறிக்கைதான் கண். ஆகையால் பரிசோதனைக்கு முன்பே, எதைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஏஜென்ட் மூலம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு சுருளைப் பிரித்து, உள்ளே நூல் உண்டா இல்லையா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். மாதிரி எடுத்தால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி உறையில், வகைப்பெயர் தெளிவாக எழுதி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் குறிப்பில் கேள்விகளும் சரியாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். 'இது என்ன பிளாஸ்டிக்' என்று மட்டும் கேட்டால் 'பிவிசி' என்று பதில் வரும், அது யாருக்கும் உதவாது. துணியால் வலுவூட்டப்பட்டதா, மென்மையூட்டி எடையில் எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். முதல் குறிப்பில் அந்தக் கேள்விகள் இல்லை. ஏஜென்ட் போய்ப் பேசிச் சேர்க்க வைத்தார். அந்த உதவிக்கு அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆய்வு முடிவு வர நாளாகும் என்றார்கள். அதுவரை பெட்டி அங்கேயே நிற்க வேண்டியதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சட்டத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 18ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கலாம். நீங்கள் சொல்லும் வரியைக் கட்டி, வித்தியாசத்துக்குப் பத்திரமும் அதிகாரி கேட்கும் அளவுக்குப் பிணையும் கொடுத்தால் போதும். இறுதி முடிவு பிறகு வரும். 49ஆம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. உடனே எடுக்க முடியாத சரக்கை அனுமதி பெற்றுப் பொதுக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம், பெட்டியைப் பிரித்துச் சரக்கை நிலையத்தின் கிடங்கில் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அனுமதி கேளுங்கள், டாலர் மீட்டராவது நின்றுவிடும். இந்த மூன்றையும் கேள்வி வந்த அன்றே கேட்க வேண்டும். நான் தற்காலிக மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். வங்கி உத்தரவாதத்துக்காக எங்கள் வங்கியில் வைப்புத்தொகை ஒன்றை முடக்க வேண்டியிருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் சரக்கு பட்டறைக்கு வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து முதல் சுருளை இறக்கியபோது பெண்கள் கை தட்டினார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கப்பல் கம்பெனியின் டிடென்ஷன் அதைவிட அதிகம். பரிசோதனைக்குச் சரக்கை இறக்கி ஏற்றிய கூலி, ஏஜென்டின் கூடுதல் கட்டணம், உத்தரவாதத்துக்கு வங்கி பிடித்த கமிஷன், உள்ளூர் ஃபிலிமுக்குக் கொடுத்த கூடுதல் விலை எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஆர்டர் போன நஷ்டம் இதில் சேரவில்லை. கட்டாமல் காப்பாற்ற நினைத்த வரியைவிட இது அதிகம்தானே என்று என் அண்ணனே கேட்டார். இந்த ஒரு பெட்டியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வருடத்துக்குப் பல பெட்டி எடுக்கும் தொழில் இது. 25 சதவீதத்தில் நான் செய்யும் பை, யாரும் வாங்க முடியாத விலைக்குப் போய்விடும், பட்டறையை மூட வேண்டியதுதான். வாடகையைத் திரும்பப் பெறவும் முயன்றேன். சுங்கத்துறை தடுத்து வைத்த சரக்குக்கு வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2009 ஆம் ஆண்டின் சரக்குக் கையாளும் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. கப்பல் கம்பெனிகளுக்கும் அதே போன்ற விதி 2018இல் வந்தது. ஆனால் கேள்வி கேட்டு நிறுத்தி வைத்ததை 'தடுத்து வைப்பு' என்று ஏற்க பெட்டக நிலையமும் கப்பல் கம்பெனியும் தயாராக இல்லை. தடுத்து வைத்ததற்கான சான்றிதழை எழுதிக் கேட்டேன், கிடைக்கவில்லை. பெட்டக நிலையம் பேசிப் பேசிக் கொஞ்சம் குறைத்தது. கப்பல் கம்பெனி ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வரி சரியா தவறா என்று அரசு யோசிக்கும் நேரத்துக்கான வாடகையை ஒரு சிறு தொழில்காரர் கட்டுவது எந்த விதத்தில் நியாயம்?

ஆய்வு அறிக்கை வந்தது. கிளியர் ஃபிலிமில் துணி இல்லை, மென்மையூட்டி 6 சதவீதத்தைவிடப் பல மடங்கு. ஆகவே 3920 43, 10 சதவீதம் என்று முடிவாகி அந்தப் பகுதிக்கான பிணை விடுவிக்கப்பட்டது. வலை ஃபிலிம் விஷயம் அப்படி முடியவில்லை. இரண்டு பிவிசி அடுக்குக்கு நடுவே செயற்கை நூல் துணி என்று அறிக்கை சொன்னது. ஃப்ளெக்ஸின் அமைப்பும் அதுவேதான். அதனால் 25 சதவீதம் என்று உத்தரவு வந்தது. இங்கே அதிகாரியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. என் வாதம் வேறு: ஃப்ளெக்ஸ் என்பது மை பிடிக்கும்படி செய்த, அச்சடித்துக் கட்டும் வெள்ளைப் பேனர் துணி. என்னுடையது நடுவில் இடைவெளி விட்ட வலை, மறுபக்கம் தெரியும், பேனர் அடிக்க எவரும் வாங்க மாட்டார்கள். தொகை சிறியது. திரும்பக் கிடைக்காத பகுதி 49,500 ரூபாய்தான். ஆனாலும் எதிர்ப்பைப் பதிவு செய்து கட்டிவிட்டு, 60 நாள் கெடுவுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் மனு போட்டேன். சாதாரணமாக மேல்முறையீட்டுக்குத் தகராறில் உள்ள வரியில் 7.5 சதவீதத்தை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். முழுவதும் கட்டிவிட்டதால் எனக்கு அந்தச் சுமை இல்லை.

நடுவில் ஒரு கட்டத்தில், தவறான அறிவிப்பு என்று 111ஆம் பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்யலாம் என்றும் கேள்வியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பயந்து ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறைய. பொருளை உள்ளபடி விவரித்துவிட்டு, அதற்கு இந்தக் குறியீடு பொருந்தும் என்று நம்பிக் கோருவது தவறான அறிவிப்பு ஆகாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1998இல் நார்தர்ன் பிளாஸ்டிக்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வேறு தலைப்பில் வர வேண்டும் என்று துறை சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது என்று 2006இல் ஹெச்பிஎல் கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் பதிலில் எழுதிய பிறகு அடுத்த கேள்வியின் குரலே மாறியிருந்தது.

இப்போது சரக்கு கிளம்புவதற்கு முன்பே செய்கிற வேலைகள் சில இருக்கின்றன. இன்வாய்ஸில் சப்ளையரின் வழக்கமான பெயர் மட்டும் இருக்க விடுவதில்லை. 'மென்மையூட்டிய பிவிசி, ஒரே அடுக்கு, துணி இல்லை, அச்சில்லை, பை செய்வதற்கு' என்று தடிமன், அகலத்தோடு எழுதச் சொல்கிறேன். தடிமனை மைக்ரானிலோ மில்லிமீட்டரிலோ குறிப்பிட வேண்டும். பேனர் துணியைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றுதான் விற்பார்கள், அந்த அளவு தெரிந்தாலே சந்தேகம் வரும். சப்ளையரின் தொழில்நுட்ப விவரத்தாளும் உற்பத்தி முறை பற்றிய ஒரு பக்கக் கடிதமும் ஏற்றுமதிக்கு முன்பே என் கைக்கு வர வேண்டும். மாதிரியைக் கூரியரில் வரவழைத்து, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்கி வைத்திருக்கிறேன். சுங்கத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் கேள்வி வந்த அன்றே பதிலோடு இணைக்க அது போதும். துணி உள்ள சரக்கையும் இல்லாத சரக்கையும் ஒரே பெட்டியில் இனி ஏற்றுவதில்லை. ஒன்றில் வரும் சந்தேகம் மற்றதையும் பிடித்து நிறுத்துகிறது. கப்பல் கட்டணம் பேசும்போதே இலவச நாட்களைக் கூட்டிக் கேட்கிறேன், பெரும்பாலும் தருகிறார்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிடுகிறோம். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000, அதற்குப் பிறகு தினம் 10,000 ரூபாய் அபராதம்.

புதிதாக ஒரு வகை ஃபிலிமைத் தொடர்ந்து இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டுவிடுவது நல்லது. டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்தில் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம், வாங்கிய தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே தகராறில் இருக்கும் விஷயத்துக்கு அங்கே போக முடியாது என்பதால் என் வலை ஃபிலிமுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கம்பளிப் பைகளுக்கு இப்போது வலை இல்லாத தடித்த கிளியர் ஃபிலிமையே பயன்படுத்துகிறேன். விலை கொஞ்சம் கூடுதல், தையல் ஓரத்தில் மட்டும் இரட்டை வெல்டிங் போட வேண்டியிருக்கிறது. மேல்முறையீட்டு மனுவோடு வலை ஃபிலிமில் ஒரு துண்டையும், கடையில் வாங்கிய பேனர் துணியில் ஒரு துண்டையும் இணைத்திருக்கிறேன். விசாரணைக்கு அழைப்பு வரும்போது வழக்கறிஞரோடு நானும் போய், அந்த இரண்டு துண்டுகளையும் வைத்துப் பேசப்போகிறேன்.